பீரோ நுழையாத வீடு

வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் எதைப் பார்ப்பார்கள்? வெளிச்சம் இருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, சமையலறையில் இரண்டு பேர் இடித்துக்கொள்ளாமல் நிற்க முடியுமா என்று பார்ப்பார்கள். கடலோர ஊர் என்றால் மொட்டைமாடிக்கு ஓடிப்போய்க் கடல் தெரிகிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். மேனேஜர் வீட்டம்மா அப்படியெல்லாம் அசடு வழிகிற ஆள் இல்லை. வாசலில் நின்று கைப்பையைத் திறப்பாள். உள்ளேயிருந்து ஒரு கயிற்றை எடுப்பாள். அதை நிலையில் வைத்து, குறுக்கே ஒரு தடவை, நெடுக்கே ஒரு தடவை அளப்பாள். பிறகுதான் செருப்பைக் கழற்றுவாள்.

கயிற்றில் இரண்டு முடிச்சு. ஒன்று பீரோவின் அகலம், இன்னொன்று உயரம். இது கடையில் கிடைக்கிற பீரோ இல்லை. அவள் கல்யாணத்தின்போது அப்பா பட்டறையில் பக்கத்திலேயே நின்று சொல்லிச் செய்வித்தது. மூன்று கதவு, நடுவில் ஆளுயரக் கண்ணாடி. தூக்க நாலு பேர் வேண்டும், ஐந்தாவதாக ஒருத்தர் நின்று கத்த வேண்டும். அந்த ஐந்தாவது ஆள் எப்போதும் அவள்தான்.

"ஏன் சார், அம்மா உங்களுக்கு வீடு பாக்குறாங்களா, பீரோவுக்கு வீடு பாக்குறாங்களா?" என்று கேட்டார் புரோக்கர். அந்த ஊருக்கு வந்து அவர்கள் பார்க்கிற நாலாவது வீடு அது. மனிதர் வெயிலில் நடந்து நடந்து வெறுத்துப் போயிருந்தார்.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் மேனேஜர். அனுபவம் பேசியது.

மேனேஜர் என்பது பழைய பழக்கத்தில் சொல்வது. வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டார். மூன்று வருஷத்துக்கு ஒரு ஊர் என்று தூக்கித் தூக்கிப் போட்டார்கள். போன ஊரிலெல்லாம் அவளுக்கு ஒரே பெயர்தான், மேனேஜர் வீட்டம்மா. ஆனால் வங்கி வாசலைத் தாண்டி வீட்டு வாசலுக்குள் கால் வைத்துவிட்டால் மேனேஜர் யார் என்பதில் அவருக்கே சந்தேகம் கிடையாது. பள்ளிக்கூடம் பிடிப்பது, லாரி பிடிப்பது, பாத்திரத்தைப் பழைய துணியில் சுற்றிக் கட்டுவது, போய்ச் சேர்ந்த அன்றே அடுப்பைப் பற்றவைப்பது, எல்லாம் அவள். ஊரில் பாதிப் பேருக்கு வீட்டுக் கடன் கொடுத்த மனிதர், தான் எந்த வீட்டில் குடியிருக்கிறோம் என்பதை அவள் கொடுக்கிற சாவியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.

கயிறு பிறந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது ஊர். அங்கே அவளுக்கு எல்லாம் பிடித்துப் போயிருந்தது. கொல்லையில் ஒரு எலுமிச்சை வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரி கூடப் பிறந்தவள் மாதிரி ஆகிவிட்டாள். எலுமிச்சை முதல் காய் விட்ட சமயம் பார்த்து மாற்றல் வந்தது. சரி, அழுது முடித்துச் சாமானைக் கட்டினால், பீரோ வாசலில் சிக்கிக்கொண்டது. உள்ளே போகும்போது எப்படித்தான் போனதோ, வெளியே வரமாட்டேன் என்று அடம் பிடித்தது. வெளியே லாரிக்காரர் கத்துகிறார், உள்ளே வீட்டுக்காரர் நிலை பெயர்ந்துவிடும் என்று கத்துகிறார், இடுப்பில் குழந்தை கத்துகிறது, தெருவே கூடி நின்று வேடிக்கை பார்க்கிறது. கடைசியில் இடித்துப் பிடுங்கித்தான் எடுத்தார்கள். பீரோவின் இடது பக்கத்தில் நசுங்கி விழுந்த அந்தச் சொட்டை இன்றைக்கும் இருக்கிறது. அன்றைக்கு லாரியில் உட்கார்ந்து இரண்டு சத்தியம் செய்தாள். இனிமேல் செடி என்றால் தொட்டியில்தான். இனிமேல் வெளியே எடுக்க முடியாத வீட்டுக்குள் எதையும் கொண்டுபோவதில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர் ஆகிவிட்டது. ஒரு ஊரிலும் பீரோ சிக்கவில்லை. அவளும் சிக்கவில்லை.

இப்போது மாற்றல் கிடையாது. பிடித்த ஊராகப் பார்த்து, சொந்தமாக ஒரு வீடு வாங்கி, கடைசிவரை இருக்கலாம். சின்ன ஊர்தான் வேண்டும், கடல் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அவர் வாயைத் திறந்து இது வேண்டும் என்று கேட்டதே அபூர்வம் என்பதால் அவளும் சரி என்றுவிட்டாள். ஊர் அவருடையது, வீடு என் பொறுப்பு. அவளைப் பொறுத்தவரை ஒப்பந்தம் அவ்வளவுதான்.

நாலாவது வீடு ஒரு பல் டாக்டருடையது. அவளை விட நாலைந்து வயது பெரியவராக இருக்கும். ஒல்லியான, கறாரான பெண்மணி. வைத்தியத்தை நிறுத்திவிட்டு வெளியூரில் தங்கையோடு போய் இருக்கப் போகிறாராம். தெருவிலிருந்து நாலு படி ஏறினால் வாசல். வாசலைத் தாண்டினால் ஒரு நீளமான நடை. நடை முடிகிற இடத்தில் சட்டென்று வலது பக்கம் திரும்பினால்தான் கூடம். கூடம் என்றால் கூடம்! தெருப் பக்கம் பெரிய சுவர், அதில் ஒரு ஜன்னல். தரையில் பல் நாற்காலியை போல்ட் போட்டு முடுக்கியிருந்த நாலு ஓட்டை இன்னும் அடைபடாமல் கிடந்தது. மூலையில் வாய் கொப்பளிக்கிற சின்னத் தொட்டி.

அவள் நடையில் நின்று கயிற்றைப் பிடித்தாள். நேராகப் பிடித்தாள், சாய்த்துப் பிடித்தாள், மூலையில் வைத்துத் திருப்பினாள். புரோக்கரை இந்த முனையைப் பிடிக்கச் சொல்லி அந்த முனையோடு கூடத்துக்குள் போனாள். கயிறே சுவரில் முட்டி மடங்கியது.

"நுழையாது" என்றாள்.

"அம்மா, கடல்காத்து நேரா கூடத்துக்கு வருது..."

"பீரோ திரும்பாது."

"கட்டில் எல்லாம் கழட்டி மாட்டிக்கலாம், பீரோவ வேணா..."

"வேணா?"

அந்த ஒரு சொல்லில் புரோக்கர் கப்சிப். பீரோவை வேண்டுமானால் விற்றுவிடலாம் என்று சொல்ல வந்திருப்பார், பாவம். பிழைத்துப் போனார்.

"அஞ்சாவது வீட்டக் காட்டுங்க. ஏங்க, கிளம்பலாம்" என்று குரல் கொடுத்தாள். வழக்கமாக இதற்குள் மேனேஜர் தெருவில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். வாடகைக்கு வீடு பார்க்கிற காலத்திலிருந்து அவர் உள்ளே வந்ததே கிடையாது. இன்றைக்குத் தெருவில் ஆளைக் காணோம்.

திரும்பிப் பார்த்தால் கூடத்தில் நிற்கிறார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அந்தப் பெரிய சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டு நிற்கிறார்.

"என்ன பண்றீங்க?"

"நல்ல சுவரு."

"சுவரு நல்லாத்தான் இருக்கு. பீரோ திரும்பாது. வாங்க."

"எனக்கு இந்த வீடு வேணும்" என்றார் மேனேஜர்.

அவளுக்குச் சரியாகக் கேட்டது. இருந்தாலும், "என்னது?" என்றாள். குடித்தனம் நடத்த ஆரம்பித்த நாளிலிருந்து வீடு விஷயத்தில் அவர் மூக்கை நுழைத்ததே இல்லை.

"போன வீட்டுல எல்லாம் வீட்டுக்காரங்க மொதல்ல என்ன சொன்னாங்க? சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னாங்க. நம்ம கல்யாணப் போட்டோவ இது வரைக்கும் நான் மாட்டினதே இல்ல. பீரோ மேலயே நிக்க வெச்சு, பீரோவோட தூக்கிட்டே வந்துட்டோம். இந்தச் சுவத்துல மாட்டினா, வந்து நுழைஞ்ச உடனே தெரியும்."

"ஆணி அடிக்கவா வீடு வாங்குவாங்க?"

"வேற எதுக்கு வாங்குவாங்க?"

நியாயமான கேள்விதான். அதனாலேயே அவளுக்குக் கோபம் வந்தது. "பீரோ உள்ள வராது, வந்தாலும் திரும்பக் கிளம்பும்போது எப்படி எடுக்கிறது? மறுபடியும் தெருவே கூடி வேடிக்கை பாக்கணுமா?"

"கிளம்பும்போதா?" மேனேஜர் சுவரிலிருந்து கையை எடுத்தார். "நாம எப்பக் கிளம்பப் போறோம்?"

புரோக்கர் நைசாக நடைக்குப் போய்விட்டார்.

அவள் முகம் சிவந்துவிட்டது. "அதை நீங்க கேக்கறீங்களா? என்னை ஊர் ஊரா இழுத்துக்கிட்டுப் போனது யாரு? ஒரு செடி வெச்சா காய் பறிக்க விட்டீங்களா? ஒருத்தியோட நல்லாப் பழகினா அவ வீட்டு நல்லது கெட்டதுக்கு இருக்க விட்டீங்களா? எடுத்துக்கிட்டுப் போறத மட்டும் பாருன்னு நீங்கதானே பழக்கினீங்க! இப்ப வந்து சுவத்தத் தடவினா ஆச்சா?"

மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "நான்தான். இல்லைன்னு சொல்லல" என்றார். "அதனாலதான் சொல்றேன், இது வேணும்னு."

உள்ளேயிருந்து பல் டாக்டர் எட்டிப் பார்த்தார். "சண்டை போடறதுன்னா தாராளமாப் போடுங்க. ஆனா சாயங்காலம் இன்னொருத்தர் வர்றாரு. வாங்கி, தடுத்து, லாட்ஜ் ரூமாக்கப் போறாராம். வேணும்னா அதுக்குள்ள சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

இரண்டு பேரும் தெருவின் கோடிக்கு நடந்தார்கள். தெரு முடிகிற இடத்தில் ஒரு டீக்கடை. வெளியே போட்டிருந்த பெஞ்சில் இந்த ஓரத்தில் அவள், அந்த ஓரத்தில் அவர். நடுவில் இன்னும் மூன்று பேர் உட்காரலாம்.

மகள் போன் பண்ணினாள். அவள் எப்போதும் இப்படித்தான், அடுப்பில் பால் பொங்குகிற நேரம் பார்த்துக் கூப்பிடுவாள். "என்னம்மா, வீடு அமைஞ்சுதா? ரீசேல் வேல்யூ பாத்து வாங்குங்க. நாளைக்கே வித்துட்டு வர்ற மாதிரி இருக்கணும். ஒரே இடத்துல மாட்டிக்கக் கூடாது."

"இதெல்லாம் யாருடி உனக்குச் சொல்லிக் கொடுத்தது?"

"நீதாம்மா" என்றாள் மகள் ஆச்சரியமாக. "வேற யாரு?"

மேனேஜர் வீட்டம்மா அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டாள். டீ ஆறிக்கொண்டிருந்தது. மகள் கல்யாணமாகி எத்தனை வீடு மாறிவிட்டாள்! போகும்போதெல்லாம் இவள் பார்த்திருக்கிறாள், அவள் வீட்டில் பாதிச் சாமான் அட்டைப் பெட்டியை விட்டு வெளியே வந்ததே இல்லை. சமர்த்து, என்னை மாதிரி என்று பெருமைப்பட்டுக்கொண்டாளே தவிர, வேறு மாதிரி நினைத்ததில்லை. இப்போது நினைத்தாள். நினைக்க நினைக்கத் துக்கமாக இருந்தது.

டம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் எதிரே கடல் இருப்பது கண்ணில் பட்டது. அடேயப்பா! டீக்கடைக்கு எதிரிலேயே, தெரு முடிகிற இடத்திலிருந்து வானம் வரைக்கும் கிடக்கிறது. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து நிலையை அளந்தாள், நடையை அளந்தாள், லாரி திரும்புமா என்று தெருவை அளந்தாள். இத்தனை பெரிய கடலை நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த வீட்டுச் சமையலறை எந்தப் பக்கம் இருந்தது என்று யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை. கொல்லை இருந்ததா? அதுவும் தெரியவில்லை. ஒரு வீட்டிலிருந்து வெளியேறுகிற வழியை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

பெஞ்சின் அந்த ஓரத்தில் மேனேஜர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வேண்டாம் என்றால் வாயைத் திறக்காமல் ஐந்தாவது வீட்டுக்கு வந்துவிடுவார். அது அவளுக்குத் தெரியும். அங்கேயும் தெருவில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பார். போட்டோ பீரோ மேலேயே நிற்கும்.

"ஏங்க, எந்திரிங்க" என்றாள்.

"அஞ்சாவது வீடா?"

"எந்திரிங்கன்னா!"

பல் டாக்டர் வீட்டுக்குள் இந்தத் தடவை கயிற்றை எடுக்காமல் நுழைந்தாள். நேராகச் சமையலறைக்குப் போனாள். ஜன்னலைத் திறந்து பார்த்தாள், குழாயைத் திருகிப் பார்த்தாள், மேடையில் கையை வைத்து உயரம் பார்த்தாள். கொல்லைக் கதவைத் திறந்தாள். மணல் பாங்கான மண், ஒரு கிணறு, கொஞ்சம் வெயில். அப்புறம் கூடத்துக்கு வந்து தரையிலிருந்த நாலு ஓட்டையையும் பார்த்துக்கொண்டு நின்றாள். சட்டென்று ஏதோ தட்டியது.

"டாக்டரம்மா, உங்க பல் நாற்காலி என் பீரோவை விடப் பெருசா இருந்திருக்குமே. அது எப்படி இந்த நடையில திரும்பிச்சு?"

"நடை வழியா யாரு கொண்டு வந்தா? நான் வாங்கறப்ப இது கடை. இந்தச் சுவரு இருக்கிற இடத்துல ஷட்டர் இருந்துச்சு. லாரியப் பின்னால கொண்டு வந்து நாற்காலிய நேரா இறக்கிட்டாங்க. இறக்கி முடுக்கின அப்புறம்தான் ஷட்டர எடுத்துட்டுச் சுவரு வெச்சேன். அந்த உத்திரம்தான் மேல தாங்குது, சுவருக்கு ஒரு பாரமும் இல்ல."

"சுவரு வெச்சுட்டா அப்புறம் எப்படி வெளிய எடுக்கிறதுன்னு யோசிக்கலையா?"

பல் டாக்டர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். வாயைத் திறக்கச் சொன்னால் காதைக் காட்டுகிற நோயாளியைப் பார்க்கிற பார்வை. "வீட்டுக்குக் குடிவர்ற அன்னிக்கு வெளிய போறத யாரும்மா யோசிப்பாங்க?"

"இப்ப எப்படி எடுத்தீங்க?"

"பழைய இரும்புக்காரன் வந்தான். கழட்டினான். மூட்டை கட்டித் தள்ளுவண்டில வெச்சுக்கிட்டுப் போயிட்டான். போக வேண்டிய நேரம் வந்தா எல்லாம் போயிடும். நாம எதுக்கு மெனக்கெடணும்?" சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அந்த லாட்ஜ்காரர் வர்ற நேரமாச்சு. என்ன சொல்றீங்க?"

அவள் மேனேஜரைப் பார்த்தாள். அந்த மனிதர் மூச்சைக் கூட விடாமல் நின்றுகொண்டிருந்தார்.

"அவரு வந்தா இது வித்துப் போச்சுன்னு சொல்லிடுங்க" என்றாள் மேனேஜர் வீட்டம்மா.

மேனேஜர் மறுபடியும் சுவரில் உள்ளங்கையை வைத்தார். நாலு வீடாக அலைந்த புரோக்கருக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

பத்திரம் பதிந்து, சாவி கைக்கு வந்து, லாரியும் வந்து நின்றது. அதற்கு முந்தின நாளே கொத்தனார் ஜன்னலைப் பெயர்த்து, உத்திரத்துக்குக் கீழே சுவரை இடித்து, ஒரு யானை போகிற அளவுக்கு வழி பண்ணி வைத்திருந்தார். பீரோ கூடத்துக்குள் ராஜா மாதிரி போனது. எங்கேயும் இடிக்கவில்லை, உரசவில்லை. கத்துவதற்கு ஒன்றும் இல்லாமல் அவளுக்குத் தொண்டை நமநமவென்று இருந்தது.

செங்கல்லை அடுக்க உட்கார்ந்த கொத்தனார், கரணையைக் கையில் எடுத்துவிட்டு யோசித்தார். "அம்மா, இன்னொரு தடவ யோசிச்சுக்குங்க. இத அடைச்சுட்டேன்னா அப்புறம் பீரோ வெளிய வராது. இந்த இடத்துல ஒரு பெரிய கதவா வெச்சுக் குடுத்துடவா? நாளப்பின்ன காலி பண்றதுன்னா..."

"அடைங்க."

"இல்லம்மா, நாளைக்கே ஒரு மாத்தல் கீத்தல்னு வந்தா..."

மாற்றல் என்ற சொல்லைக் கேட்டதும் மேனேஜர் திடுக்கிட்டுத் திரும்பினார், ஆபீஸிலிருந்து ஆள் வந்துவிட்ட மாதிரி. அவள் சிரித்துவிட்டாள். "அடைங்கன்னு சொல்றேன்ல!"

வரிசை நேராக வர ஒரு கயிறு வேண்டும் என்றார் கொத்தனார். கொண்டு வந்ததை எங்கேயோ விட்டுவிட்டாராம். அவள் கைப்பையைத் திறந்து தன் கயிற்றைக் கொடுத்தாள். முடிச்சு இடிக்கிறதே என்று முணுமுணுத்துக்கொண்டே இரண்டையும் அவிழ்த்துவிட்டு, இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இழுத்துக் கட்டினார். வேலை முடிந்து அவர் திருப்பிக் கொடுத்தபோது அதைக் கொல்லையில் கொடியாகக் கட்டினாள். இரண்டு துண்டு காயும், அவ்வளவுதான் நீளம். தொட்டியிலேயே ஊர் ஊராக வந்த எலுமிச்சையைக் கிணற்றடியில் இறக்கி வைத்தாள். அதை மண்ணில் வைப்பது பற்றி இன்னும் யோசிக்கவில்லை. ஒரே நாளில் எத்தனை தைரியத்துக்குத்தான் இடம் கொடுப்பது!

உள்ளே வந்தால் ஒரே சத்தம். சுவர் எழும்பி, ஜன்னல் உட்கார்ந்து, பூச்சும் முடிந்துவிட்டது. பூச்சு இன்னும் பளபளவென்று ஈரமாக இருக்கிறது. அதற்கு எதிரே மேனேஜர் ஸ்டூல் மேல் ஏறி நிற்கிறார். அக்குளில் கல்யாணப் போட்டோ, உதட்டில் ஆணி, கையில் புத்தம் புதுச் சுத்தியல். எப்போது வாங்கினாரோ!

"சார், சார், இறங்குங்க சார்!" கொத்தனார் பதறிக்கொண்டிருந்தார். "பச்சைச் சுவத்துல யாராவது ஆணி அடிப்பாங்களா? பூச்சோட பேத்துக்கிட்டு வந்துடும். தண்ணி விட்டு ஆற விடணும் சார், நல்லாக் காயணும். இன்னும் எத்தன நாள் இருக்கு! இப்படி அவசரப்பட்டா எப்படி?"

மேனேஜர் உதட்டிலிருந்து ஆணியை எடுத்தார். இத்தனை வருஷம் பொறுத்த மனிதருக்கு இந்தச் சில நாள் பெரிய ஏமாற்றமாக இருந்தது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார்.

அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு அவரை மெல்ல இறக்கினாள். போட்டோவை வாங்கி, முந்தானையால் துடைத்து, வழக்கம் போல பீரோ மேல் நிறுத்தி வைத்தாள்.

"காயட்டும்" என்றாள். "நாம எங்க போகப் போறோம்?"